சீனியரின் கைபேசியில் உங்கள் சுயவிவரம்

நான் ஜூனியர் வழக்கறிஞராக இருக்கும் சேம்பருக்கு, அதாவது சீனியரின் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, சட்ட மாணவர்களிடமிருந்து இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் மின்னஞ்சல்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. தேறும் என்று தோன்றுவதைச் சீனியருக்கு அனுப்பிவைப்பேன். அவர் அதைப் படிப்பது மேசையில் உட்கார்ந்து அல்ல. நீதிமன்ற அறைக்கு வெளியே, அடுத்த வழக்கு அழைக்கப்படுவதற்குள், கைபேசியில். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இந்தப் பிள்ளை வந்தால் திங்கட்கிழமை காலை எந்த வழக்குக் கட்டைக் கையில் கொடுக்கலாம்?

நானும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே வந்தேன். எங்கள் குடும்பத்தில் வழக்கறிஞர் யாரும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் ஆளில்லை. அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் திங்கட்கிழமைக் கேள்விக்குப் பதில் சொல்லாத வரி எதுவும் சுயவிவரத்தில் இருக்க வேண்டியதில்லை. மாணவர்கள் பெரும்பாலும் தாங்கள் யார் என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு வேண்டியது, இவர் என்ன செய்திருக்கிறார் என்பது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவியின் சுயவிவரத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மாதம் பயிற்சி பெற்றேன். சட்ட ஆராய்ச்சி, மனு வரைதல், நீதிமன்ற நடைமுறை ஆகியவற்றில் அனுபவம் உண்டு.’ வருகிற சுயவிவரங்களில் பெரும்பாலானவற்றில் இதே வரி சொல் மாறாமல் இருக்கிறது. ஆனால் கூடவே அனுப்பியிருந்த கடிதம் நன்றாக இருந்ததால் தொலைபேசியில் அழைத்து, அந்த ஒரு மாதம் அங்கே என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். காசோலை வழக்கு ஒன்றின் கட்டைக் கொடுத்துத் தேதிகளை எழுதச் சொன்னார்களாம். வங்கி காசோலையைத் திருப்பிய தேதி, முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டிய நோட்டீஸ் போன தேதி, அது எதிர்த்தரப்புக்குக் கிடைத்த தேதி, பணம் கட்டச் சட்டம் தரும் பதினைந்து நாள் முடியும் தேதி. எல்லாவற்றையும் வரிசையாக எழுதியபோது, புகாரைத் தாக்கல் செய்வதற்கான ஒரு மாதம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று தெரிந்திருக்கிறது. போய்ச் சொல்லியிருக்கிறார். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் அவரையே எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு ‘சட்ட ஆராய்ச்சி’ என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? அந்த வரியை அவர் பிறகு மாற்றியது இப்படி: ‘செலாவணி முறிச் சட்டம் 138ஆவது பிரிவின் கீழான வழக்கு ஒன்றுக்குத் தேதிப் பட்டியல் தயாரித்தேன். புகாருக்கான காலவரம்பு கடந்திருந்ததைச் சுட்டிக்காட்டி, தாமத மன்னிப்பு மனுவின் முதல் வரைவை எழுதினேன்.’ இரண்டே வாக்கியம். படித்த சீனியர் அவரை வரச்சொன்னார். வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “நோட்டீஸ் கிடைத்த நாளைச் சேர்த்து எண்ணினாயா, விட்டுவிட்டு எண்ணினாயாம்மா?” என்பதுதான். “விட்டுவிட்டுத்தான் சார்” என்றார் அவர். பேச்சு அங்கிருந்தே வழக்குக்குள் போய்விட்டது. நேர்காணல் என்று தனியாக ஒன்று நடக்கவேயில்லை.

இதனால்தான், நின்று பேச முடியாத எதையும் சுயவிவரத்தில் ஏற்றாதீர்கள் என்று சொல்வேன். நல்ல வரி அடுத்த கேள்வியை அழைத்து வரும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த வரி இல்லாமலே இருந்திருக்கலாம்.

எழுதவே ஒன்றும் இல்லையே என்பவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில். அவர்களிடம் நான் கேட்பது மாதிரி நீதிமன்றப் போட்டியைப் பற்றி அல்ல. ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதியிருக்கிறீர்களா? உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையில் வருகின்றன. இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு குறுக்கு விசாரணையைக் கேட்டுவிட்டு வந்து எழுதலாம். உண்மைகள், கேள்வி, நீதிமன்றம் சொன்னது, அதற்கான காரணம் என்று நான்கு பத்தி போதும். ‘கேட்டால் காட்டத் தயார்’ என்று சுயவிவரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்டவர் ஒருவர் படித்துவிட்டால், நீங்கள் எப்படி யோசிப்பீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்லாது.

கல்லூரியின் சட்ட உதவி மையம் பெயரளவுக்கு இல்லாமல் நடக்கிறது என்றால் அதில் சேருங்கள். இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலராகச் சேர மாணவர்களுக்கும் இடமுண்டு. வழக்கறிஞராகப் பதிவு செய்யும்வரை அந்தப் பணியில் இருக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் மேசைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு தரப்பும் ஒரு தொகைக்கு ஒத்துவருவதைப் பார்த்தவருக்கு எழுத விஷயம் இல்லாமல் போகாது.

இன்னொரு விஷயம், மாணவர்கள் சொல்லவே கூச்சப்படுவது: தமிழ். விசாரணை நீதிமன்றத்து ஆவணங்கள் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கின்றன. முதல் தகவல் அறிக்கை, சாட்சியின் வாக்குமூலம், கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய அடங்கல் என்னும் நிலப் பதிவேடு. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது இவற்றுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பத்திரத்தின் கையெழுத்தைப் படித்து, நான்கு எல்லை விவரத்தைப் பிசகில்லாமல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் ஆள் ஒரு சேம்பருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆங்கில வழியிலேயே படித்து வந்தவர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். தமிழ்வழியில் படித்தவர்களோ அதைக் குறையாக நினைத்து மறைக்கிறார்கள். ‘தமிழ்: தாய்மொழி’ என்று ஓர் ஓரத்தில் போடுவதை விட்டுவிட்டு, ‘தமிழ்ப் பத்திரங்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பேன், தமிழில் தட்டச்சு செய்வேன்’ என்று எழுதுங்கள். எனக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை இந்த வரியால் வந்தது. சொத்து வழக்கு ஒன்றின் ஆவணக் கட்டு முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தபோது, சட்டக் கல்லூரி வகுப்பில் பிடிபடாத சொத்துரிமை மாற்றுச் சட்டம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

சட்டப் பிரிவுகளை எழுதும்போது புதிய சட்டங்களின் எண்களைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் இருக்கின்றன. முன்ஜாமீன் கேட்கும் பிரிவு இப்போது 438 அல்ல, 482. உயர் நீதிமன்றத்திலும் அமர்வு நீதிமன்றத்திலும் கேட்கும் ஜாமீன் 439 அல்ல, 483. பழைய வழக்கில் வேலை செய்திருந்தால் பழைய எண் வரலாம், தவறில்லை. புதிய வழக்கென்று சொல்லிவிட்டுப் பழைய எண்ணைப் போட்டால், இவர் கட்டைப் பிரித்தே பார்க்கவில்லை என்று சீனியர் முடிவுகட்டிவிடுவார்.

நீக்க வேண்டியவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தந்தை பெயர், மதம், திருமண நிலை, புகைப்படம், ஆதார் எண், ‘மேற்கூறிய அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்ற கடைசி வரி: எதுவும் வேண்டாம். இது பிரமாணப் பத்திரம் அல்ல. புத்தகம் படித்தல், இசை கேட்டல் வேண்டாம். மாதிரி நீதிமன்றப் போட்டியில் ‘பங்கேற்றேன்’ என்பதால் பயனில்லை. எந்தத் தரப்பு, எந்தப் பிரச்சினையை வாதிட்டீர்கள், எழுத்துவாதத்தில் எந்தப் பகுதி உங்களுடையது என்று சொன்னால் பயன் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து இருக்கிறது. ஐந்து கட்டுரைகள் என்று பட்டியல் போட்டவரிடம் அதில் ஒன்றின் வாதத்தைச் சொல்லச் சொன்னால் பலநேரம் மௌனம்தான் பதில். ஒழுங்காக எழுதிய ஒன்று போதும். மதிப்பெண் சுமாராக இருந்தால் அதைத் தலைப்பில் போட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் திருத்தி எழுதாதீர்கள். ஒரு பக்கம், பிடிஎஃப் கோப்பு, கட்டங்களும் இரட்டைப் பத்திகளும் இல்லாத எளிய அமைப்பு. அனுப்பும் முன் உங்கள் கைபேசியிலேயே திறந்து, பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கோப்பின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும். ‘இறுதி-புதியது-2’ என்ற பெயரில் வரும் கோப்புகளை நான் தரவிறக்கியபின் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

இனி, இடம் தேடுவது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் இருந்திருக்க வேண்டும். இதைச் சடங்காகப் பார்க்காமல் வரிசையாக வைத்துக்கொண்டால் நல்லது. என் யோசனை: முதலில் விசாரணை நீதிமன்றம். பிராது எப்படி எண் பெறுகிறது, எதிருரைக்கு ஏன் வாய்தா கேட்கிறார்கள், சாட்சி கூண்டில் எப்படி மாறிப் பேசுகிறார் என்பதையெல்லாம் பார்க்காமல் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே பேசப்படுவது பாதிதான் புரியும். பெரிய சட்ட நிறுவனங்களைக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குப் பல மாதங்களுக்கு முன்பே இணையப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மேல் வகுப்பு மாணவர்களுக்கே அங்கு வாய்ப்பும் அதிகம்.

காலத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கல்லூரிக்கு மே மாதம் விடுமுறை. சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் சிவில் நீதிமன்றங்களுக்கும் அதே மே மாதம்தான் கோடை விடுமுறை. எல்லோரும் மே மாதம் கேட்டு விண்ணப்பித்துவிட்டு, வந்த பிறகு நீதிமன்றமே நடக்கவில்லையே என்கிறார்கள். மே மாதம்தான் முடியும் என்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் வழக்கறிஞரைத் தேடுங்கள். அவை அப்போதும் இயங்கும். அல்லது வரைவு வேலை அதிகம் உள்ள அலுவலகம். ஜூனில் ஓரிரு வாரம் கிடைத்தால் அதை விடாதீர்கள். நீதிமன்றம் திறந்த கையோடு புது மனுக்கள் குவியும். கட்டுகளைப் பிரித்து வைக்கவே சேம்பருக்கு ஆள் போதாது.

சின்ன சேம்பர்கள் இன்டர்ன் தேவை என்று எங்கும் அறிவிப்பதில்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதற்கு பார் கவுன்சில் விதிகளில் தடை இருக்கிறது; இணையதளத்தில்கூட இன்னின்ன விவரம்தான் போடலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் பலர் இணையத்தின் பக்கமே வருவதில்லை. ஆகவே இணையத்தில் தேடிக் கிடைப்பவை மட்டும்தான் வாய்ப்புகள் என்று எண்ண வேண்டாம். நீதிமன்றம் வெளியிடும் அன்றாட வழக்குப் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த வகை வழக்குகளில், அது தொழிலாளர் வழக்கோ மோட்டார் வாகன விபத்து இழப்பீடோ, அடிக்கடி ஆஜராகும் பெயர்கள் யாருடையவை என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் வாதிடும் ஒரு நாளில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் எழுதுங்கள். ‘சென்ற வாரம் தாங்கள் வாதிட்ட இழப்பீட்டு வழக்கைக் கேட்டேன், எதிர்கால வருமானத்தைச் சேர்ப்பது பற்றிய வாதத்துக்குப் பிறகு 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பைப் படித்தேன்’ என்று ஒரு வாக்கியம் இருந்தால், அந்த மின்னஞ்சல் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் போனது அல்ல என்று தெரிந்துவிடும்.

குமாஸ்தாக்களை மறந்துவிடாதீர்கள். எந்த சேம்பரில் மாணவர்களுக்கு வேலை கொடுப்பார்கள், எந்த சேம்பரில் சீனியரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. “அண்ணே, சீனியரைப் பார்க்க எந்த நேரம் சரியாக இருக்கும்?” என்று கேட்டால் பெரும்பாலும் சரியான நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். காலை பத்தரைக்குப் போய் நின்றால் யாரும் பேச மாட்டார்கள். மாலையில் கட்சிக்காரர்கள், அதாவது வழக்கை ஒப்படைத்தவர்கள், வருவதற்குமுன் போக வேண்டும்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். அதன் செயலாளர் ஒரு நீதித்துறை அதிகாரி. கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு நேரில் போய் விண்ணப்பம் கொடுக்கலாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் நேரடியாகவும் இணையவழியிலும் குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம், இந்தியப் போட்டி ஆணையம் போன்றவையும் மாணவர்களை எடுக்கின்றன. இவற்றுக்கெல்லாம் அவரவர் இணையதளத்தில் அறிவிப்பு வரும். பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்கள் பக்கமே போகாதீர்கள். அங்கே கிடைப்பது சான்றிதழ் மட்டும்.

மின்னஞ்சலின் பொருள் வரியில் ‘இன்டர்ன்ஷிப் தொடர்பாக’ என்று இருந்தால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ‘இன்டர்ன்ஷிப் விண்ணப்பம், மூன்றாம் ஆண்டு, ஜூன் 9 முதல் ஜூலை 4 வரை’ என்று இருந்தால், திறக்காமலே சீனியரிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். உள்ளே மூன்று பத்தி போதும்: நீங்கள் யார், ஏன் இந்த சேம்பர், உங்களால் என்ன செய்ய முடியும். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்த கடிதங்களை இப்போது முதல் வரியிலேயே அடையாளம் காண முடிகிறது. எல்லாவற்றிலும் ஒரே ‘ஆழ்ந்த ஆர்வம்’. கடிதமாவது பரவாயில்லை. அந்தச் செயலிகள் கொடுக்கும் தீர்ப்புகளை மூலத்தில் சரிபார்க்காமல் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.

எழுத்து மாதிரி கேட்டால் சேம்பரில் எழுதிய வரைவை அப்படியே அனுப்பக் கூடாது. சீனியரின் அனுமதி வேண்டும். கட்சிக்காரர் பெயர், ஊர், வழக்கு எண், தொகை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சுயவிவரத்திலும் கட்சிக்காரர் பெயர் வரக் கூடாது. கட்சிக்காரர் சொல்வதை வெளியிடாதிருக்கும் கடமை வழக்கறிஞரோடு அவரிடம் வேலை செய்பவர்களையும் சேர்த்தே கட்டுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பிரபலமான வழக்கு ஒன்றின் பெயரைப் போட்டு எங்களை அசத்த நினைத்த விண்ணப்பத்தைச் சீனியர் அதே காரணத்துக்காக ஒதுக்கினார். நாளை எங்கள் வழக்கையும் இப்படித்தான் எழுதுவார் என்றார்.

பணம்? பெரும்பாலான சேம்பர்களில் இன்டர்னுக்கு எதுவும் கிடையாது. ஜூனியர்களுக்கு மாதம் 20,000 அல்லது 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024இல் வந்த பேச்செல்லாம் பதிவு செய்த வழக்கறிஞர்களுக்கானது. பயணச் செலவாவது கிடைக்குமா என்று முன்கூட்டியே மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. கேட்டதற்காக யாரையும் நாங்கள் ஒதுக்கியதில்லை. பெண்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்காத பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதையெல்லாம் சேர்வதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. அந்த சேம்பரில் முன்பு இருந்த மாணவி ஒருவரிடம் பேசிவிட்டுச் சேர்வது அதைவிட நல்லது.

உள்ளே போன பிறகு நாட்குறிப்பை அன்றன்றே எழுதுங்கள். அதற்குப் பாடத்திட்டத்திலேயே மதிப்பெண் இருக்கிறது. கடைசி வாரத்தில் ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதிய நாட்குறிப்பைப் பேராசிரியர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள். எந்த மனு, எந்தப் பிரிவு, நீங்கள் எழுதியதில் சீனியர் எதை அடித்தார், ஏன் என்று குறித்து வைத்தால், அடுத்த சுயவிவரத்துக்கான வரிகள் அதிலேயே கிடந்திருக்கும். கடைசி நாளில் சான்றிதழ் கேட்கும்போது, ‘ஒரு மாதம் பயிற்சி பெற்றார்’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். செய்த வேலைகளை நான்கு வரியில் நீங்களே எழுதி, “சார், இதைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு சொல்லைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் சேம்பரில் அந்த நான்கு வரியைத் தட்டச்சு செய்வதும் என் வேலைதான். மாணவர் எழுதிக்கொண்டு வந்துவிட்டால் சான்றிதழ் அன்று மாலையே கிடைத்துவிடும்.